ஒரு கடல், இரு படகுகள்: 'கன்னத்தில் முத்தமிட்டால்' திரைப்படமும் மன்னார்க் கரையின் வரலாறும்

2002ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 14ஆம் நாள் மணிரத்னத்தின் நெறியாளுகையில் உருவான 'கன்னத்தில் முத்தமிட்டால்' என்னும் திரைப்படம் வெளிவந்தது. அதற்கு எட்டு நாள்களின் பின், அதே மாதம் 22ஆம் நாள், இலங்கை அரசுக்கும் தமிழீழ விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான போர்நிறுத்த உடன்படிக்கை நடைமுறைக்கு முந்திய இறுதிக் கையொப்பத்தைப் பெற்றது. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையே காரண காரியத் தொடர்பு எதுவுமில்லை. ஆயினும், அவை அடுத்தடுத்து நிகழ்ந்தமை அப்படத்தின் வரவேற்பை ஓரளவு தீர்மானித்தது எனலாம். போர் ஓய்கிறது என்ற நம்பிக்கை அரும்பிய வேளையில், அப்போரைப் பற்றிய படமொன்று வந்தது. அதனைப் படமாக மட்டும் கொள்ளாது, கடந்துபோன ஒரு கொடுங்காலத்தின் தொகுப்புரையாகவே பலரும் ஏற்றுக்கொண்டனர்.

பாராட்டுகளுக்கும் குறைவிருக்கவில்லை. இந்திய அரசின் தேசிய திரைப்பட விருதுகளுள் ஆறு அதற்குக் கிடைத்தன. தமிழின் சிறந்த படம், ஏ. ஆர். ரஹ்மானின் இசை, வைரமுத்துவின் பாடல், ஸ்ரீகர் பிரசாத்தின் படத்தொகுப்பு, ஒலிப்பதிவு, சிறுமி கீர்த்தனாவின் நடிப்பு என்பவற்றுக்காக அவை வழங்கப்பட்டன. வெளிநாட்டு விழாக்களிலும் படம் காட்டப்பெற்றது. ஈழப்போரின் கொடுமையை நடுநிலையோடும் மனிதாபிமானத்தோடும் எடுத்துரைத்த படம் என்ற மதிப்பீடு அன்று தோன்றி இன்றுவரை நிலைத்திருக்கிறது. இரண்டு தசாப்தங்களுக்கு மேலாகிவிட்டன. அப்படம் வெளிவந்த பின் பிறந்தோர் இன்று பல்கலைக்கழக மண்டபங்களில் அமர்ந்திருக்கின்றனர். 1990களில் வடபகுதி மக்கள் பட்டதென்ன என்று வினவினால், அவர்களுட் சிலர் முதலில் நினைவுகூர்வது இப்படத்தின் காட்சிகளையே. ஆதலால் இப்படத்தை வரலாற்று மாணவன் ஒருவன் எவ்வாறு நோக்குதல் வேண்டும் என்ற வினா இன்று முன்னரிலும் முக்கியமாகின்றது.

இக்கட்டுரை படத்தின் கலைத்திறனை மறுப்பதற்காக எழுதப்படுவதன்று. தத்துப்பிள்ளை ஒருத்தி தன்னைப் பெற்றவளைத் தேடும் கதையை அது நெகிழ்ச்சியுடன் சொல்கிறது. தமிழ்நாட்டின் நடுத்தர வகுப்பு வீடுகளுக்குள், பாக்கு நீரிணைக்கு அப்பால் ஒரு போர் நடக்கின்றது என்ற உணர்வை அது கொண்டுசென்றது. அவ்வளவில் அது நன்றிக்குரியது. ஆயின், வன்முறையைப் பற்றிய படம் என்ற வகையில் அதற்குச் சூட்டப்பட்ட புகழ் அதன் தகுதிக்கு மிக விஞ்சியது என்பதே எமது கருத்து. அக்கருத்தை நிறுவுதற்கு மன்னார்த் தீவையும் அதனையடுத்த கரையையும் உரைகல்லாகக் கொள்கிறோம். படத்தின் கதையை இயக்கும் கடற்பயணம் அந்தக் கரையின் பயணமாதலின், இத்தேர்வு பொருத்தமற்றதன்று.

கதை சுருக்கமாக இது: மாங்குளத்தில் சியாமா என்னும் இளம்பெண்ணுக்குத் திருமணம் நடக்கிறது. கணவன் காட்டுக்குச் சென்றுவிட, கருவுற்ற அவள் ஏனைய அகதிகளோடு படகேறி இராமேசுவரம் அடைகிறாள். அங்கே ஒரு பெண்குழந்தையைப் பெற்று, அதனை விட்டுவிட்டுத் தாயகம் திரும்புகிறாள். அக்குழந்தையைச் சென்னையைச் சேர்ந்த எழுத்தாளர் ஒருவரும் அவர் மனைவியும் அமுதா எனப் பெயரிட்டு வளர்க்கின்றனர். ஒன்பதாம் வயதில் உண்மையை அறியும் அமுதா, பெற்ற தாயைக் காண விழைகிறாள். வளர்த்தோர் அவளை இலங்கைக்கு அழைத்துவருகின்றனர். குண்டுவெடிப்பு, இடப்பெயர்வு, துப்பாக்கிச் சண்டை ஆகியவற்றினூடே தேடல் தொடர்கிறது. ஈற்றில் மழைக்கிடையே தாயும் மகளும் சந்திக்கின்றனர். மகள் அழைத்தும் தாய் உடன் செல்ல மறுத்து, அமைதி வரும் நாளைச் சுட்டிப் பிரிகிறாள்.

மாங்குளம் வன்னியின் நடுவே, ஏ-9 வீதியில் அமைந்த ஊர். அங்கிருந்து மேற்கே மல்லாவி, துணுக்காய் வழியாகச் செல்லும் பாதை வெள்ளாங்குளத்தில் மன்னார்க் கரையைத் தொடுகிறது. வன்னியிலிருந்து இராமேசுவரம் நோக்கிப் புறப்பட்டோருட் பெருந்தொகையினர் மன்னார்க் கரையிலிருந்தே வள்ளம் ஏறினர். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 30 கிலோமீற்றர் மட்டுமே. இடையே ஆதாம் பாலம் எனவும் இராமர் அணை எனவும் வழங்கும் மணல் திட்டுகள் வரிசையாகக் கிடக்கின்றன. இந்தியக் கரைவரை செல்ல அஞ்சும் ஓட்டிகள் இரவோடிரவாக அகதிகளை இத்திட்டுகளில் இறக்கிவிட்டுத் திரும்புவதும், இந்திய மீனவரோ கடற்படையினரோ வந்து மீட்கும்வரை அவர்கள் குடிநீருமின்றி மணலிற் காத்திருப்பதும் அந்தப் பயணத்தின் இயல்பாயின. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது மன்னாரிலிருந்து மீண்டும் மக்கள் புறப்பட்டபோதும் அதே மணல் திட்டுகளே அவர்களை ஏந்தின.

இக்கடவைக்கு நெடிய வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே கால்நடையாக மாத்தளை நோக்கிச் சென்றனர். வழியில் நோயாலும் பசியாலும் மாண்டோர் பலர். 1914ஆம் ஆண்டு பாம்பன் பாலமும் தலைமன்னார்ப் புகையிரதப் பாதையும் திறக்கப்பட, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. 1964 டிசெம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்த பின் இராமேசுவரத்திலிருந்து சேவை தொடர்ந்தது. அதே 1964இல் செய்யப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 மலையகத் தமிழரை இந்தியா ஏற்கும் என விதித்தது. தாம் பிறந்த நாட்டினின்றும் அனுப்பப்பட்ட அம்மக்கள் தலைமன்னார் இறங்குதுறையிற் கண்ணீரோடு கப்பலேறினர். 1983 ஜூலை வன்செயல்களுக்குப் பின் போர் அகதிகள் அதே திசையிற் சென்றனர். ஒருகாலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்கு வருவோரை நோய்த்தடுப்பின்பொருட்டுத் தங்கவைத்த மண்டபம் முகாமே இவ்வகதிகளின் முதல் தங்குமிடமாகியது. எனவே மன்னார்க் கடலில் ஒரு படகு செல்லும்போது அது வெறுங்கடலிற் செல்வதில்லை. ஆட்சியாளரின் முடிவுகளால் இடம்பெயர்க்கப்பட்ட தலைமுறைகள் பலவற்றின் தடத்திலேயே அது செல்கிறது. படத்திலோ அக்கடல் ஒரு தாயின் துயரத்துக்கு விரிந்த பின்னணியாக மட்டுமே நிற்கிறது.

வன்முறையை ஆராயும் வரலாற்று மாணவன் முதலிற் கேட்கும் வினாக்கள் மூன்று: எப்போது நிகழ்ந்தது? யார் செய்தார்? செய்த பின் என்ன ஆயிற்று? இம்மூன்று வினாக்களையும் இப்படத்தின்முன் வைத்துப் பார்ப்போம்.

எப்போது என்ற வினாவுக்குப் படம் தெளிவான விடை தருவதில்லை. வெளிவந்த ஆண்டிலிருந்து அமுதாவின் ஒன்பது வயதைக் கழித்தால் 1990களின் தொடக்கத்தை அடைகிறோம். அது எத்தகைய காலம்? 1990 ஜூன் மாதம் போர் மீண்டும் வெடித்தது. அவ்வாண்டு நவம்பரில் மாங்குளம் படைமுகாம் புலிகளின் தாக்குதலில் வீழ்ந்தது. 1998இல் அரச படையினர் அவ்வூரைக் கைப்பற்றினர். 1999 நவம்பரில் அது மீண்டும் புலிகளின் கைக்கு மாறியது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் ஊர் இடிந்தது, மக்கள் சிதறினர். வவுனியாவுக்கு வடக்கே செல்வோருக்கு அனுமதிப் பத்திரமும் சோதனைச் சாவடியும் நாள்தோறும் கடக்கவேண்டிய தடைகளாயின. எரிபொருள், மின்கலம், சீமெந்து முதலிய பொருள்கள் தடைப்பட்டியலில் இருந்தன. போர்நிறுத்தத்தின் பயனாக 2002 ஏப்ரலிலேயே ஏ-9 வீதி பொதுமக்களின் போக்குவரத்துக்குத் திறந்துவிடப்பட்டது. படத்திலோ கொழும்பிலிருந்து வடக்கே செல்லும் வழி, இடையிடையே வெடிச்சத்தம் குறுக்கிடும் ஒரு பயணமாகவே தோன்றுகிறது. போரின் மிகப் பெரிய கொடுமை வெடிப்பு அன்று, தடையும் காத்திருப்பும் என்பதை வடபகுதியில் வாழ்ந்தோர் அறிவர். அது திரையிற் காட்டுதற்கு அரியது என்பது உண்மையே. ஆயின், அரியதைத் தவிர்த்து எளியதைக் காட்டிய படம் ஒன்றைப் போரின் முழு உருவமெனப் போற்றுதல் தகாது.

யார் செய்தார் என்பது இரண்டாவது வினா. படத்தில் வன்முறை இடிபோல வருகிறது. பூங்காவில் சக்கர நாற்காலியில் இருந்த மனிதன் திடீரென வெடித்துச் சிதறுகிறான். அமைதியான ஊரைப் படை சூழ்கிறது. சிறுமி திடுக்குறுகிறாள், நாமும் திடுக்குறுகிறோம். அதற்கு முன் நிகழ்ந்ததும் பின் நிகழ்வதும் நமக்குச் சொல்லப்படுவதில்லை. போரிடும் தரப்புகளின் வரலாறு, கொள்கை, குற்றம் ஆகியன விரித்துரைக்கப்படுவதில்லை. இதனையே விமர்சகர் பலர் நடுநிலை என்றனர். நடுநிலை என்பது எல்லாத் தரப்பின் செயல்களையும் ஒரே அளவுகோலால் அளப்பதாகும். ஒருவர் செயலையும் அளக்காது விடுதல் நடுநிலையாகாது.

மன்னார்க் கரையில் வன்முறைக்கு நாளும் இடமும் உண்டு. 1984 டிசெம்பர் 4ஆம் நாள், படையினரின் வாகனம் ஒன்று கண்ணிவெடியில் சிக்கியதைத் தொடர்ந்து, மன்னாரிலும் அயலிலும் பொதுமக்கள் மீது படையினர் துப்பாக்கிப் பிரயோகம் செய்தனர். கொல்லப்பட்டோர் தொகை நூறுக்கும் மேற்பட்டதெனப் பதிவுகள் கூறுகின்றன. அக்கொலைகள் பற்றிய விவரங்களை வெளியிடுவதில் ஈடுபட்டிருந்த வங்காலைப் பங்குத்தந்தை மேரி பஸ்ரியன் 1985 ஜனவரித் தொடக்கத்தில் தமது தேவாலய வளவிற் கொல்லப்பட்டார். 1999 நவம்பர் 20ஆம் நாள், பல்லாயிரவர் தஞ்சமடைந்திருந்த மடுத் திருப்பதி வளவில் எறிகணைகள் வீழ்ந்தன. குழந்தைகள் உட்பட ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். அவற்றை ஏவியவர் யார் என்பதில் இரு தரப்பும் ஒன்றையொன்று குற்றஞ்சாட்டின. படம் வெளிவந்து நான்காண்டுகளின் பின், 2006 ஜூனில், பேசாலை வெற்றிநாயகி தேவாலயத்துள் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள் மீது கைக்குண்டு வீசப்பட்டது. இவை ஒவ்வொன்றுக்கும் முன்னிகழ்வு உண்டு, பொறுப்பாளர் உண்டு, பொறுப்பை மறைக்க எடுத்த முயற்சியும் உண்டு. இவற்றை வரிசைப்படுத்தி நோக்கும்போது வன்முறை ஓர் இயற்கைச் சீற்றமன்று, மனிதர் எடுத்த முடிவுகளின் விளைவு என்பது புலனாகும்.

இனி, இக்கட்டுரையின் தலைப்புக்குக் காரணமான செய்திக்கு வருவோம். 1989 ஆகஸ்டுக்கும் 1991 ஏப்ரலுக்கும் இடையில் ஏறத்தாழ 122,000 ஈழத்தமிழர் அகதிகளாகத் தமிழ்நாட்டை அடைந்தனர். சியாமா ஏறிய படகு, கதைக்கணக்கின்படி, இவ்வலையையோ இதனை அடுத்த காலத்தையோ சார்ந்தது. அதே 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில், அதே மன்னார்த் தீவிலிருந்து வேறு படகுகளும் புறப்பட்டன. அவை வடமேற்கே இராமேசுவரம் நோக்கிச் செல்லவில்லை. தெற்கே கற்பிட்டி நோக்கிச் சென்றன. அவற்றில் இருந்தோர் எருக்கலம்பிட்டி முதலிய ஊர்களின் முஸ்லிம்கள். சில நாள்களுக்குள் வெளியேற வேண்டுமென விடுதலைப் புலிகள் அவர்களுக்குக் கட்டளையிட்டிருந்தனர். நகை, பணம், வீடு, தோட்டம், வள்ளம், வலை ஆகியவற்றை விட்டுவிட்டு அவர்கள் சென்றனர். யாழ்ப்பாண நகர முஸ்லிம்களுக்கோ சில மணி நேரமே வழங்கப்பட்டது. வட மாகாணத்தினின்றும் இவ்வாறு அகற்றப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். அவர்களுள் மிகப் பெரிய தொகையினர் மன்னார் மாவட்டத்தவர். புத்தளம் மாவட்டத்துக் கிடுகுக் கொட்டில்களில் ஒரு தலைமுறை வளர்ந்தது. தமிழையே தாய்மொழியாகப் பேசிய மக்கள், தமிழரின் பேரால் ஆயுதமேந்தியோராலேயே தம் மண்ணை இழந்தனர்.

ஒரே கரை, ஒரே ஆண்டு, ஒரே கடல். வடக்கே சென்ற படகு திரைக்கு வந்தது. பாடலும் இசையும் விருதும் பெற்றது. தெற்கே சென்ற படகு அக்கதையில் எங்குமில்லை. ஒரு கதை எல்லாவற்றையும் சொல்ல முடியாது என்பர். உண்மைதான். மாங்குளத்துப் பெண்ணின் கதையில் எருக்கலம்பிட்டி வந்தேயாக வேண்டும் என்று யாரும் வற்புறுத்தவியலாது. ஆயின், தெற்கே சென்ற படகைக் காணாத பார்வையை ஈழப்போரின் நிறைவான மனிதநேயப் பார்வை என்று கொண்டாடியோரைக் கேள்வி கேட்க நமக்கு உரிமையுண்டு. படம் வெளிவந்து இரண்டு மாதங்களுக்குள், 2002 ஏப்ரல் 10ஆம் நாள் கிளிநொச்சியில் நடைபெற்ற செய்தியாளர் மாநாட்டில், முஸ்லிம்களை வெளியேற்றியது தவறு என்பதைப் புலிகளின் தலைமையே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. ஆயுதம் ஏந்தியோர் மறைக்க இயலாத ஒன்றை, அமைதியை வேண்டி நின்ற படத்தின் புகழ்ச்சியாளர் நினைத்தும் பார்க்கவில்லை.

செய்த பின் என்ன ஆயிற்று என்பது மூன்றாவது வினா. படத்தின்படி இராமேசுவரத்திற் பிறந்த குழந்தைக்குச் சென்னையில் நல்ல வீடும் பாசமும் கிடைக்கின்றன. அவளுடைய துன்பம் தாய் யார் என்ற ஏக்கமாக மட்டும் அமைகிறது. முகாம்களிற் பிறந்த உண்மையான குழந்தைகளின் நிலை வேறு. 1991 மே 21ஆம் நாள் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பின் தமிழ்நாட்டில் அகதிகள் ஐயத்துக்குரியோராயினர். முகாம்கள் கண்காணிப்புக்குள்ளாயின. 1992 ஜனவரியில் அவர்களைத் திருப்பியனுப்பும் பணி தொடங்கியது. இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின்படி 1987 ஜூலை முதலாம் நாளுக்குப் பின் பிறந்தோர், பெற்றோருள் ஒருவரேனும் இந்தியராயிருந்தாலன்றிப் பிறப்பால் குடியுரிமை பெறார். ஆகவே 1990களில் மண்டபத்திற் பிறந்த பிள்ளை, இலங்கையைக் காணாதவளாகவும் இந்தியக் குடியுரிமை அற்றவளாகவும் வளர்ந்தாள். 2019இல் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டமும் இலங்கை அகதிகளை உள்ளடக்கவில்லை. 2021இல் தமிழ்நாடு அரசு அகதி முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என மாற்றியது. பெயர் மாறியமை வரவேற்கத்தக்கதே. ஆயின் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் வாழ்ந்த பல்லாயிரவரின் சட்டநிலை அப்பெயர் மாற்றத்தால் மாறிவிடவில்லை. அமுதாவின் வினா 'என் தாய் எங்கே' என்பது. முகாம் பிள்ளையின் வினா 'என் நாடு எது' என்பது. முன்னைய வினாவுக்கு ஓர் அணைப்பு விடையாகலாம். பின்னையதற்கு அரசும் சட்டமும் விடையளித்தல் வேண்டும்.

கடலைக் கடவாது நின்றோரும் உளர். 1990இல் ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர் ஆணையகம் மடுவிலும் பேசாலையிலும் திறந்த நிவாரண நிலையங்களை அமைத்தது. கடலில் உயிரைப் பணயம் வைப்பதற்குப் பதிலாக நாட்டிலேயே ஒதுங்கி நிற்க விரும்பியோர் அங்கே தங்கினர். காட்டு மரங்களின் கீழ்க் கூடாரமிட்டு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தனர். போவதா நிற்பதா என்று குடும்பங்கள் இரவிரவாக விவாதித்த அக்காலத்தின் உண்மையான நாடகம், புறப்படுவதற்கு முன்னுள்ள அத்தடுமாற்றத்திலேயே இருந்தது எனலாம். அதனை எந்தப் படமும் போதியவாறு எடுத்துரைத்ததில்லை.

இவ்விடத்தில் ஒரு மறுப்பை எதிர்கொள்ளல் வேண்டும். படம் சிறுமியின் கண்கொண்டு சொல்லப்படுகிறது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அரசியல் விளங்காது. ஆதலின் காரணமற்ற வன்முறையே அவளுக்குத் தோன்றும் உண்மை என்பர். இவ்வாதம் முற்றாகத் தள்ளத்தக்கதன்று. ஆயின் ஏன், ஏன் என்று ஓயாது கேட்பதே அச்சிறுமியின் இயல்பாகப் படத்திற் காட்டப்படுகிறது. கேட்கும் பிள்ளைக்குப் பெரியோர் விடை சொல்லாது விடுவதற்குப் பிள்ளையின் வயது காரணமாகாது. ஈற்றில் அவள் தாயிடம் கேட்கும் வினாக்களுக்கும் கண்ணீரே விடையாகிறது. பிள்ளையின் கண் என்னும் உத்தி இங்கே பார்வையாளருக்கு ஓர் அடைக்கலமாகிவிடுகிறது. நாமும் சிறுவராய் அழுதுவிட்டு, பொறுப்பு எவரைச் சாரும் என்ற சிந்தனையினின்றும் விடுபட்டு வெளியேறுகிறோம்.

வன்முறையை வேறு வகையிலும் காட்டலாம் என்பதற்கு உலகத் திரைப்பட வரலாறு சான்று தருகிறது. இத்தாலியரான ஜில்லோ பொன்ரெகோர்வோ 1966இல் நெறிப்படுத்திய 'அல்ஜியர்ஸ் சமர்' என்னும் படத்தை இங்கு குறிப்பிடலாம். நிகழ்ச்சிகள் நடந்த கஸ்பா குடியிருப்பிலேயே அது படமாக்கப்பட்டது. விடுதலைப் போராளியாயிருந்த சாடி யாசெப் தம்மை ஒத்த பாத்திரத்தில் நடித்தார். நாளும் நேரமும் திரையில் எழுத்தாகக் காட்டப்படுகின்றன. பிரெஞ்சுப் படையினரின் சித்திரவதையையும் அது காட்டுகிறது; உணவகங்களிற் குண்டு வைக்கச் செல்லும் அல்ஜீரியப் பெண்களையும் காட்டுகிறது. குண்டு வெடிப்பதற்கு முன், அங்கே அமர்ந்திருக்கும் பிரெஞ்சு மக்களின் முகங்களை ஒவ்வொன்றாக நிதானித்துக் காட்டுவதையும் அது தவிர்க்கவில்லை. விடுதலையின் பக்கம் உறுதியாக நின்றுகொண்டே அப்பக்கத்தின் செயலை மறையாது காட்டிய நேர்மை அது. வெனிஸ் திரைப்பட விழாவில் அது தங்கச் சிங்கம் பரிசு பெற்றது. பிரான்சிலோ சில ஆண்டுகள் திரையிடப்படாதிருந்தது.

நம் நாட்டிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சிங்கள நெறியாளர் பிரசன்ன விதானகே 2003இல் வெளியிட்ட 'இர மெதியம' மூன்று கதைகளைக் கொண்டது. காணாமற்போன விமானியான கணவனைத் தேடும் சிங்களப் பெண் ஒரு கதையில் வருகிறாள். விடுப்பில் வந்த படைச்சிப்பாய் ஒருவன் தன் தங்கையைப் பரத்தையர் விடுதியிற் காண நேர்வது மற்றொரு கதை. புலிகளின் கட்டளையால் தன் ஊரை விட்டு வெளியேறும் வடபகுதி முஸ்லிம் சிறுவன் ஒருவன் தன் நாயைப் பிரிய மாட்டாது தவிப்பது மூன்றாவது. தமிழில் எடுக்கப்பட்டுப் பெரும் புகழ்பெற்ற படம் காணத் தவறிய தெற்குப் படகை, மறு ஆண்டே சிங்களப் படம் ஒன்று கண்டுவிட்டது. அச்சிறுவனும் பிள்ளைதான், அவன் கண்கொண்டே கதை நகர்கிறது. ஆயினும் அவனை வெளியேற்றியவர் யார் என்பது பார்வையாளருக்குத் தெரிகிறது. பிள்ளையின் பார்வை உண்மையைச் சொல்வதற்குத் தடையன்று என்பதை இது மெய்ப்பிக்கிறது. தமிழரான நமக்கு இச்செய்தி சிறிது வெட்கத்தையும் தருதல் வேண்டும்.

இதனால் விளையும் நட்டம் என்ன? ஒரு படம் மிகைபடப் புகழப்பட்டால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். வரலாற்றுச் சான்றுகள் நிறைந்த சமூகத்தில் அதனாற் பெருந்தீங்கு விளையாது. நமது நிலை அத்தகையதன்று. ஊர்ப்பதிவேடுகள் எரிந்தன. பங்குக் குறிப்பேடுகள் சிதைந்தன. கண்டோர் முதுமையடைந்து மறைகின்றனர். அவ்வெற்றிடத்தைத் திரைப்படம் எளிதில் நிரப்பிவிடுகிறது. நிரப்பிய பின், வெற்றிடம் இருந்தது என்பதையே மக்கள் மறந்துவிடுகின்றனர்.

இதற்கு மாறான முறையொன்றையும் மன்னார் நமக்குக் கற்பித்திருக்கிறது. 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின்முன் ஒரு கணக்கை வைத்தார். 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்த மக்கள் 429,059 பேர் என்பது அரச செயலகங்களின் பதிவு. போரின் முடிவில் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் 282,380 பேர். எஞ்சிய 146,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்று அவர் வினவினார். அவர் எவரையும் உரத்துச் சாடவில்லை. ஒரு கழித்தற் கணக்கைச் செய்து காட்டினார். அக்கேள்வியைத் தாண்டிச் செல்வது எவருக்கும் எளிதாயிருக்கவில்லை. 2021 ஏப்ரல் முதலாம் நாள் ஆயர் மறைந்தார். கேள்வி மறையவில்லை.

மற்றொன்றையும் கூறல் வேண்டும். 2018இல் மன்னார் நகரில் சதொச கட்டடத்துக்காக நிலம் அகழ்ந்தபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. நீதிமன்ற மேற்பார்வையில் நடந்த அகழ்வில் முந்நூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் மீட்கப்பட்டன. அவற்றுட் சிறுவருடையனவும் இருந்தன. அண்மைப் போரிற் காணாமற்போனோர் இவர்களே எனப் பலரும் அஞ்சினர். உறவினர் குழியருகே வந்து நின்றனர். அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ள ஆய்வுகூடத்துக்கு அனுப்பப்பட்ட ஆறு மாதிரிகள் கி.பி. 1404க்கும் 1635க்கும் இடைப்பட்டன என 2019இல் வெளியான கரிமக் காலக்கணிப்பு அறிக்கை தெரிவித்தது. அவ்வளவில் எல்லாக் கேள்வியும் தீர்ந்துவிடவில்லை. அறிக்கையைப் பற்றிய விவாதமும் எழுந்தது. அக்கால எல்லைக்குள் 1544இல் சங்கிலி மன்னன் மன்னார்க் கத்தோலிக்கரைக் கொல்வித்த நிகழ்ச்சியும், 1560இல் போர்த்துக்கேயர் தீவைக் கைப்பற்றிய நிகழ்ச்சியும் அடங்குகின்றன. இவற்றை அவ்வெலும்புகளோடு உடனே முடிச்சிட மனம் விரையும். சான்றின்றி அவ்வாறு செய்தல் ஆகாது. காலத்தை அறியாது துயரத்தை மட்டும் கொண்டு தீர்மானிப்பது எத்துணை இடர்ப்பாடானது என்பதற்கு அக்குழி ஒரு பாடமாகும். காணாமற்போனோரைத் தேடும் தாய்மார் இன்னும் வீதியோரப் பந்தல்களில் அமர்ந்திருப்பதால், அப்பாடம் வெறும் ஏட்டுப் பாடமன்று.

2015இல் இதே போரிலிருந்து தப்பியோரைப் பற்றிய பிரெஞ்சுப் படமான 'தீபன்' கான் திரைப்பட விழாவின் உயர்ந்த பரிசைப் பெற்றது. இனியும் படங்கள் வரும், பரிசுகளும் வரும். அவற்றைப் பார்ப்பதையோ அவற்றிற்காக உள்ளம் உருகுவதையோ நாம் தவிர்க்க வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொன்றின்முன்னும் அம்மூன்று வினாக்களை வைத்தல் வேண்டும்.

வினா எழுப்புவதோடு நம் கடமை முடிவதில்லை. 1990இல் இருபது வயதிருந்தோர் இன்று ஐம்பதைக் கடந்துவிட்டனர். அவர்தம் பெற்றோருட் பலர் மறைந்துவிட்டனர். மன்னார்ப் புகையிரதம் 2015இல் மீண்டும் தலைமன்னார் இறங்குதுறைவரை ஓடத் தொடங்கியது. நம் மாணவர் விடுமுறை ஒன்றில் அவ்வழியே சென்று பேசாலையிலும் வங்காலையிலும் எருக்கலம்பிட்டியிலும் முதியோரைச் சந்திக்கலாம். புத்தளத்திலிருந்து மீண்டோரிடம், அவர்கள் புறப்பட்ட நாள், ஏறிய வள்ளம், இறங்கிய துறை, விட்டுச்சென்ற வீட்டில் பின்னர் குடியிருந்தவர் ஆகியவற்றைக் கேட்டுப் பதியலாம். இந்தியாவிலிருந்து திரும்பியோரிடமும் அதே வினாக்களை அதே ஒழுங்கிற் கேட்டல் வேண்டும். வடக்கே சென்ற படகின் கதையும் தெற்கே சென்ற படகின் கதையும் ஒரே குறிப்பேட்டில் அடுத்தடுத்த பக்கங்களில் எழுதப்பட வேண்டும். அக்குறிப்பேடு உருவாகும்வரை, மன்னார்க் கரையின் வன்முறை குறித்துத் திரையரங்கிற் கிடைத்த கண்ணீரையே நம் அறிவெனக் கொண்டிருப்போம்.